ஹாவ்லாக் பயணம்: திரும்பும் நாளில்தான் சிக்கல்

சென்னையிலிருந்து அந்தமான் வருகிறவர்களை ஹாவ்லாக்குக்கு (இப்போது பெயர் சுவராஜ் தீவு) கூட்டிப் போவது என் வேலை. தொப்பி, மாத்திரை எடுத்து வையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. படகுத்துறையில் சீசனுக்குச் சீசன் பார்க்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

தீவிலிருந்து இறங்கி நேரே விமானம் ஏறுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். மதியம் போர்ட் பிளேரில் (இப்போது பெயர் ஸ்ரீ விஜயபுரம்) விமானம். அன்று காலைதான் ஹாவ்லாக்கிலிருந்து கப்பல். கடலில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம், துறைமுகத்திலிருந்து விமான நிலையமும் பக்கம், அதனால் தாளில் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் காற்று பலமாக அடித்தால் கப்பலே கிளம்பாது. ரத்தான கப்பலுக்குப் பணம் திரும்ப வரும். தவறவிட்ட விமானத்துக்கு யார் தருவார்கள்? மறுநாள் கப்பலும் சீசனில் பெரும்பாலும் நிறைந்திருக்கும்.

ஒரு நவம்பர் காலை, மதுரையிலிருந்து வந்த புதுமணத் தம்பதி டிக்கெட் கவுன்டர் முன்னால் நின்றார்கள். அந்தப் பெண்ணின் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. உள்ளே இருந்தவர் "இன்னிக்குக் கப்பல் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். போர்ட் பிளேரில் ஒரு ராத்திரி அறை வாடகையை மிச்சம் பிடிக்க, ஊரில் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டம் அது. மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு புது விமான டிக்கெட்டுக்குப் போனது. ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை.

வரிசையை மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான். வந்ததும் முதலில் ஹாவ்லாக், நீல் தீவு. அப்புறம் போர்ட் பிளேர், செல்லுலார் சிறை. கடைசி இரவு கண்டிப்பாகப் போர்ட் பிளேரில் தூங்குங்கள். கப்பல் ஒரு நாள் தள்ளினாலும் சிறையைப் பார்ப்பதுதான் விட்டுப்போகும்.

நீர் வற்றும் நேரம் கேட்காமல் கடலுக்குப் போவது

இங்கே ஒரு நாளில் இருமுறை கடல் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகம். ஹாவ்லாக்கின் விஜய்நகர் கடற்கரைப் பக்கம் வற்றும் நேரத்தில் போனால் முழங்கால் தண்ணீரில் பவளக்கல்லை மிதித்துக்கொண்டு நிற்பீர்கள். கல்லுக்கும் கேடு, காலுக்கும் கேடு. விடுதியில் கேட்டாலே நேரம் சொல்வார்கள். நீந்தத்தான் வேண்டுமென்றால் ராதாநகர், அங்கே மணல்.

சாயங்காலம் காட்டுப் பாதை

டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். எலிஃபன்ட் பீச்சுக்குக் காடு வழியாக நடப்பவர்கள் மூன்று மணிக்காவது திரும்பக் கிளம்புங்கள். உயர்ந்த மரங்களுக்கு அடியில் வெளிச்சம் இன்னும் சீக்கிரம் போகும், வழியெல்லாம் வேர். மழை பெய்திருந்தால் படகில் போங்கள்.

பவளத் துண்டு பொறுக்குவது

செத்த துண்டானாலும் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

முதலைப் பலகை

கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகையை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. 2010-இல் ராதாநகரை ஒட்டிய இடத்தில் ஒரு சுற்றுலாப் பயணி முதலைக்குப் பலியானார்.