வழியாமல் தானாக நிற்கும் எண்ணெய்ப் புனல்

முள்ளியவளையில் எங்கள் வீட்டு விறாந்தையில் நானும் மச்சாளும் நல்லெண்ணெய் நிரப்பி விற்கிறோம். சிறுபோக எள்ளை ஆட்டி, மண்டி அடியில் படிய விட்டு, தெளிந்ததை வடித்துப் போத்தலில் அடைப்பதுதான் வேலை. புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறவர்கள் வருவார்கள், பிள்ளை சாமத்தியப்பட்ட வீட்டுக்காரர் வருவார்கள், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னும் கொஞ்சம் ஓடும். இந்த வேலையில் எண்ணெயை விட எனக்கு அக்கறை நிரப்புகிற முறையில். கழுத்தால் வழிந்த எண்ணெய் போத்தலின் வெளிப்பக்கம் முழுக்கப் படரும். பிறகு துடைத்தாலும் லேபல் ஒட்டாது, புழுதி பிடிக்கும், எறும்பும் வரும். அதை விட முக்கியம் அளவு. ஒரே விலைக்கு வைத்த போத்தல்களில் ஒன்றில் எண்ணெய் கழுத்தளவும் மற்றதில் தோளளவும் நின்றால், வாங்க வந்தவர் கூடின போத்தலைத்தான் எடுப்பார். குறைந்தது கடைசியில் யாரோ ஒரு வயது போன ஆச்சியின் கைக்குப் போகும். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாங்கள் எண்ணெய்க்கு இருண்ட நிறப் போத்தலைத்தான் விரும்புகிறோம், வெளிச்சம் பட்டால் எண்ணெய் வேளைக்குச் சிக்கு மணம் எடுக்கும். ஆனால் இருண்ட போத்தலில் உள்ளே மட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாது. மச்சாள், "கண்ணாலை பார்த்து ஊத்தினால் போதாதோ?" என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரிந்தால் போதும். தெரியாத இடத்தில் புனல்தான் பார்த்து நிறுத்த வேண்டும்.

முதலில் சாதாரணப் புனல் ஏன் வழிகிறது என்று பாருங்கள். போத்தலுக்குள் எண்ணெய் இறங்க வேண்டுமானால் அதே அளவு காற்று வெளியே வர வேண்டும். புனல் வாயில் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் காற்றுக்கு வழி இல்லை. எண்ணெய் புனலிலேயே நிற்கும், இடைக்கிடை 'குளுக்' என்று ஒரு குமிழி மேலே வரும், கொஞ்சம் இறங்கும். பொறுமை இழந்து புனலைச் சற்று உயர்த்துவோம். அடைபட்ட காற்று ஒரேயடியாக வெளியேற, புனலில் இருந்த முழுவதும் பொலபொலவென்று இறங்கிக் கழுத்தைத் தாண்டிவிடும். காற்றின் வழிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த வழியை நாங்கள் அமைத்துக் கொடுத்து, வேண்டிய மட்டத்தில் அது தானாக அடைபடும்படி செய்தால் எண்ணெயும் தானாக நிற்கும்.

அமைப்பு இதுதான். போத்தல் வாயைக் காற்றுப் புகாமல் மூடுகிற ஒரு தட்டை மூடி. அதில் இரண்டு துளை. ஒன்றால் புனலின் குழாய் இறங்கும், மற்றதால் ஒரு மெல்லிய காற்றுக் குழாய். எண்ணெய் ஏறி ஏறிக் காற்றுக் குழாயின் கீழ் நுனியைத் தொட்டதும், மேலே மிஞ்சிய காற்று வெளியேற வழியில்லாமல் சிறைப்படும். மட்டம் அங்கேயே நின்றுவிடும். சிறைப்பட்ட காற்று அமுங்கி இடம் கொடுக்காதா என்று கேட்கலாம். 10 மீற்றர் உயரத் தண்ணீர்தான் வளிமண்டல அமுக்கத்துக்குச் சமம். எங்கள் புனலில் நிற்பது ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் எண்ணெய். அது காற்றை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கூட அமுக்காது. போத்தலில் மிஞ்சிய காற்று 30 மில்லிலீற்றர் என்றால் அரை மில்லிலீற்றருக்கும் குறைவாகத்தான் மட்டம் ஏறும்.

இது கேட்க இலகு. ஆனால் மூன்று இடத்தில் கவனம் தவறினால் புனல் வேலை செய்யாது.

ஒன்று, காற்றுக் குழாயின் மேல் நுனி புனலின் விளிம்பை விட உயரமாக இருக்க வேண்டும். கீழ் நுனி எண்ணெயில் மூழ்கிய பிறகு, அந்தக் குழாய்க்குள்ளும் எண்ணெய் ஏறத் தொடங்கும், புனலில் எண்ணெய் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரம் வரை. வீட்டுத்திட்டக் காலத்தில் மேசன்மார் இரண்டு பக்கம் பிடித்து மட்டம் பார்த்த தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கதைதான். மேல் நுனி புனல் விளிம்புக்குக் கீழே இருந்தால் எண்ணெய் அதன் வழியாக வெளியே கொட்டும். நான் விளிம்புக்கு மேல் 5 சென்ரிமீற்றர் விட்டு, குழாயை ஒரு உடுப்புக் கிளிப்பால் விளிம்போடு பிடித்து வைக்கிறேன்.

இரண்டாவது, புனல் குழாயின் கீழ் நுனி காற்றுக் குழாயின் கீழ் நுனியை விடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஒரு சென்ரிமீற்றர், ஒன்றரைச் சென்ரிமீற்றர் போதும். இது பலருக்குத் தெரிவதில்லை. புனல் குழாயின் நுனி எண்ணெய்க்கு மேலே காற்றில் தொங்கிக்கொண்டிருந்தால், சிறைப்பட்ட காற்று அதே குழாயால் குமிழியாக மேலேறிப் புனல் வழியே தப்பிவிடும். அது தப்பத் தப்ப எண்ணெய் இறங்கிக்கொண்டே இருக்கும். நுனி எண்ணெயில் மூழ்கியிருந்தால் காற்றுக்கு அந்த வழியும் இல்லை. காற்றுக் குழாயைப் புனலின் நடுவால், அதே குழாய்க்குள்ளே விட்டால் ஒரு துளையோடு வேலை முடியுமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் இந்த இரண்டாவது விதியைக் காப்பாற்ற முடியாது. காற்றுக் குழாய் வெளியே நீண்டால் எண்ணெய் வருகிற வாய் அதற்கு மேலே நிற்கும், உள்ளே நின்றால் இறங்குகிற எண்ணெய் அதை அடைத்துவிடும். இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில்தான்.

மூன்றாவது, எண்ணெய் நின்ற பிறகு புனலில் மிஞ்சியிருப்பது. புனலை உயர்த்தியதும் அடைப்பு விலகும், மிஞ்சியது முழுக்கக் கீழே வரும். நின்றதற்கே பலன் இல்லை. ஆகவே புனலின் தொண்டையை உள்ளிருந்து அடைக்க ஒரு கம்பி வேண்டும்.

சரி, பொருட்களுக்கு வருவோம். புனல் எவர்சில்வரில், சிறியது, குழாய் நுனி வெளிப்பக்கம் 9 மில்லிமீற்றருக்கு மேல் போகாததாக எடுங்கள். ஈயப் பற்று வைத்த தகரப் புனல் சாப்பாட்டு எண்ணெய்க்கு வேண்டாம். செம்பும் பித்தளையும் வேண்டாம், அவை பட்ட எண்ணெய் வேகமாகக் கெடும். வீட்டுப் புனலின் குழாய் பெரும்பாலும் கட்டை. அதன் நுனியில் ஒரு சிலிக்கன் குழாய்த் துண்டை இறுக்கமாக மாட்டி நீட்டிக்கொள்ளலாம். காற்றுக் குழாய்க்கு உள்விட்டம் 4 மில்லிமீற்றர் அளவு உள்ள சில்வர் ஸ்ரோ போதும், மேலே உயரம் போதாவிட்டால் அதற்கும் ஒரு சிலிக்கன் துண்டு. அகலமான குழாய் எடுத்தால் அதற்குள் ஏறி நிற்கிற எண்ணெய் கூடும், கடைசியில் அதுவும் போத்தலுக்குள்தான் இறங்கும். வாங்கப் போகுமுன் போத்தல் வாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் அதற்குள் தாராளமாக இறங்க வேண்டும்.

மூடி பூவரசம் பலகையில் வெட்டியது, 4 சென்ரிமீற்றர் அகல வட்டம், பெருவிரல் தடிப்பு. பக்கத்து ஊர்த் தச்சரிடம் இரண்டு துளையும் போட்டு வாங்கினேன். அடிப்பக்கத்தில் ஒரு சிலிக்கன் தாள் ஒட்டியிருக்கிறது, கேக் தட்டில் விரிக்கிற வகை. வாய்க்குள் செருகுகிற கூம்புத் தக்கையை விட எனக்கு இந்தத் தட்டை மூடி பிடிக்கும், கண்ணாடிப் போத்தலுக்கும் பிளாஸ்ரிக் போத்தலுக்கும் ஒன்றே பொருந்துகிறது. சைக்கிள் ரியூப், செருப்பு றப்பர் போன்றவற்றை எண்ணெய் படுகிற இடத்தில் வைக்காதீர்கள். றப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதிப் பிசுபிசுக்கும், மணமும் இறங்கும்.

துளைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள நீக்கலை அடைக்கத் தேன்மெழுகு போல் வேறொன்று இல்லை. எங்கள் பக்கத்தில் காட்டுத் தேன் எடுக்கிறவர்களிடம் அடை பிழிந்த மெழுகு கிடைக்கும். இளக்கி வடித்து, குழாயைச் சுற்றி ஊற்றினால் காற்றுப் புகாது, சாப்பாட்டுக்கும் பிழையில்லை, குழாயை ஏற்றி இறக்க வேண்டியபோது லேசாகச் சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும். 60 பாகைக்குச் சற்று மேலே மெழுகு உருகிவிடும் என்பதால் புனலைக் கொதிநீரில் கழுவ முடியாது.

அடைக்கிற கம்பிக்குப் புனல் விளிம்பை விட நீளமான ஒரு எவர்சில்வர் கம்பி. அதன் கீழ் நுனியில் குழந்தைப் பிள்ளைகளின் பால் போத்தலுக்குப் போடுகிற சிலிக்கன் சூப்பியை மாட்டி இறுகக் கட்டினால், அந்தக் கூர் புனலின் தொண்டையில் அச்சொட்டாக உட்காரும். கம்பியை விட்டால் மூடும், தூக்கினால் திறக்கும். தூக்கியபடி நிறுத்த இன்னொரு உடுப்புக் கிளிப்.

மட்டம் வைக்கிற வேலையைத் தண்ணீரில் செய்யுங்கள். தெளிந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் 750 மில்லிலீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றி, நிற்கிற இடத்தில் வெளியே ஒரு கோடு போடுங்கள். போத்தலை வெறுமையாக்கி, காற்றுக் குழாயின் நுனியை அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்து, புனலால் நிரப்புங்கள். ஓட்டம் நின்றதும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். மட்டம் மெல்ல மெல்ல ஏறினால் எங்கோ காற்றுக் கசிகிறது, பெரும்பாலும் மூடிக்கும் போத்தல் விளிம்புக்கும் இடையில், அல்லது மெழுகில். ஏறவில்லை என்றால் கம்பியை இறக்கி, புனலைத் தூக்குங்கள். தொண்டைக்குக் கீழே குழாய்களில் நின்றது கொஞ்சம் இறங்கும், குழாய்கள் அடைத்திருந்த இடம் வெறுமையாவதால் மட்டம் கொஞ்சம் தாழும். இரண்டும் கழித்து எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மையான மட்டம். அது கோட்டில் வரும்வரை காற்றுக் குழாயை ஏற்றி இறக்குங்கள். சரிவந்ததும் மூடிக்கு மேலே குழாயில் கியூட்டெக்ஸால் ஒரு அடையாளம் வையுங்கள். 375 மில்லிலீற்றர் போத்தலுக்கு வேறு நிறத்தில் இன்னொன்று. எண்ணெய் தண்ணீரை விட மெதுவாக இறங்கும், ஆனால் நிற்கிற மட்டம் மாறாது. பிறகு எல்லாவற்றையும் வெயிலில் நன்றாகக் காய வைத்துத்தான் எண்ணெயில் இறக்க வேண்டும், ஒரு சொட்டு ஈரமும் எண்ணெய்க்குக் கூடாது.

நிரப்பும்போது ஒழுங்கு இப்படி: கம்பி மூடியபடி புனலைப் போத்தலில் வை, ஒரு கை மூடியை அழுத்திப் பிடிக்கட்டும். புனலில் எண்ணெயை வார். கம்பியைத் தூக்கிக் கிளிப் போடு. குறையக் குறைய மேலே வார்த்துக்கொண்டிரு. ஓட்டம் நின்றதும் கம்பியை இறக்கு, அப்புறம்தான் புனலைத் தூக்கு. நேரே அடுத்த போத்தலுக்குக் கொண்டுபோ. எண்ணெய் இறங்குகிறதா நின்றதா என்ற சந்தேகம் வந்தால் காற்றுக் குழாயின் மேல் நுனியில் ஈர விரலைக் காட்டுங்கள், இறங்கிக்கொண்டிருந்தால் காற்று விரலில் படும்.

போத்தலை முட்ட நிரப்பவும் கூடாது. நல்லெண்ணெய் ஒவ்வொரு பாகைச் சூட்டுக்கும் ஆயிரத்தில் முக்கால் பங்கு அளவில் விரியும். விடியற்காலைக் குளிரில் நிரப்பிய 750 மில்லிலீற்றர், மத்தியான வெயிலில் 15 பாகை சூடேறினால் ஏறத்தாழ 8 மில்லிலீற்றர் கூடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த போத்தல் மூடியால் கசிவது இதனால்தான். மூடிக்குக் கீழே ஒரு பெருவிரல் உயரமாவது காற்று இருக்கட்டும்.

மண்டி கலந்த எண்ணெயை இதில் ஊற்றினால் காற்றுக் குழாயின் நுனி அடைபட்டு, போத்தல் பாதியிலேயே ஓட்டம் நின்றுவிடும். வெள்ளைத் துணியில் வடித்த பிறகே வாருங்கள். வேலை முடிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் போதும், காற்றுக் குழாய்க்குள் ஒரு நூல் திரியை இழுத்துத் துடைக்க வேண்டும். உள்ளே காய்ந்த பழைய எண்ணெய் புது எண்ணெயையும் கெடுக்கும்.

பெற்றோலுக்கு இதைப் பாவிக்காதீர்கள், ஆவி முழுக்கக் காற்றுக் குழாயால் உங்கள் முகத்துக்கு நேரே வரும். பெற்றோல் நிலையத்துத் துப்பாக்கியும் காற்றுவழி அடைபடுவதை வைத்துத்தான் தானாக நிற்கிறது, நுனியில் ஒரு சின்னத் துளை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் அது அதற்கென்றே செய்த பொறி. தேனுக்கும் இது சரிவராது. நல்லெண்ணெய் ஒரு நிமிடத்துக்குள் இறங்குகிற குழாயில் தேன் மணித்தியாலக் கணக்கில் நிற்கும். தேனுக்கு வாயகன்ற போத்தல் எடுத்து, அடியில் பைப் வைத்த வாளியிலிருந்து நேரே இறக்குங்கள். தேங்காயெண்ணெய்க்கு நன்றாக வேலை செய்யும், மார்கழிக் குளிரில் உறையாத நேரமாகப் பார்த்து நிரப்பினால் சரி.