புது ஏஜென்ட் தேடுமுன் மாற்றிய படங்கள்
நான் நடிகன். வாய்ப்பு தேடித் தந்த பழைய ஏஜென்சியின் ஒப்பந்தம் முடிந்ததும் முதலில் முகப்படங்களைத்தான் மாற்றினேன். பழையதில் தாடியும் இல்லை, நரையும் இல்லை. நேரில் போனால் வேறு ஆள்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணப் படம் எடுக்கும் தம்பியிடம் 85 எம்எம் லென்ஸ் இருந்தது. அதில் மூக்கு பெரிதாகத் தெரியாது. கடைவீட்டு மாடி ஜன்னலோரம், காலை வெளிச்சத்தில் நின்றேன். வெள்ளைச் சுவர் முன்னால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து, என் மாநிற முகத்தை இருட்டாக்கியது. பின்னால் சாம்பல் நிறத் துணி கட்டினோம், முகம் கண் வரைக்கும் தெளிவாக வந்தது. சட்டை, எழுத்தோ கோடோ இல்லாத கரும்பச்சை.

“அண்ணே, கன்னத் தழும்பை எடுத்துடவா?”

“பருவை மட்டும் எடுப்பா. தழும்பு என் முகம்.”

அப்புறம் விளம்பரத்துக்குச் சிரித்த படம், நாடகத்துக்கு இறுக்கமான படம் என இரண்டையும் அனுப்பினேன். இறுக்கமானதைப் பார்த்துத்தான் புது ஏஜென்ட் அழைத்தார்.