பள்ளிக்கரணை நீரைச் சோதிக்கும் முறை

2022இல் ராம்சர் தலமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட, சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், விடியற்காலையில் அள்ளிய நீரும் பிற்பகலில் அதே இடத்தில் அள்ளிய நீரும் ஒரே முடிவைத் தருவதில்லை. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியிடுவதால் கரைந்த ஆக்சிஜன், பி.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) ஆகிய இரண்டும் ஏறுகின்றன. இரவில் சுவாசம் மட்டுமே நடப்பதால் இரண்டும் இறங்குகின்றன. எனவே, மாதிரி எடுத்த நேரத்தைக் குறிக்காத அறிக்கையை ஏற்கவே கூடாது என்பேன்.

வனத்துறையின் அனுமதி பெற்றபின், பெருங்குடி குப்பைக் கிடங்கை ஒட்டி ஓரிடம், நடுப்பகுதியில் ஓரிடம், நீர் வெளியேறும் ஒக்கியம் மடுவை அடுத்து ஓரிடம் எனத் தேர்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும்.

வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துத்திறன் ஆகியவற்றை அங்கேயே அளந்துவிட வேண்டும். சேற்றைக் கலக்காமல் நீரை எடுப்பது மிக முக்கியம். ஆக்சிஜன் அற்ற அடிச்சேற்றில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கியிருப்பதால், கால் பட்டுக் கலங்கிய நீர் முடிவையே மாற்றிவிடும். கரைந்த ஆக்சிஜனுக்கு விங்க்ளர் முறையே நம்பகமானது. காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிய கண்ணாடிக் குப்பியில் மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு கரைசலையும் சேர்த்தால், ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பு நிற வீழ்படிவும், அறவே இல்லாத நீரில் வெள்ளை வீழ்படிவும் உண்டாகும். கரையில் நின்றபடியே இதைக் கண்ணால் காணலாம்.

கரைந்த உலோகங்களுக்கான நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, பி.எச். 2க்குக் கீழே இறங்கும்வரை நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். நைட்ரேட் சோதனைக்குரிய குப்பியில் அந்த அமிலத்தின் ஒரு துளிகூடப் படக்கூடாது. காரத்தன்மைக்கான குப்பியை அமிலம் சேர்க்காமல் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். எல்லாவற்றையும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேர்ப்பது நல்லது.

முடிவுகள் வந்ததும், சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் மில்லிசமானக் (அயனியின் மின்னூட்டத்தையும் கணக்கில் கொண்ட அளவு) கூட்டுத்தொகையை, குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் ஆகியவற்றின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள்; நீரில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாக இருக்க வேண்டும். வேறுபாடு 5 சதவீதத்தைத் தாண்டினால், ஏதோ ஒரு அளவீடு பிழையா அல்லது அளக்கத் தவறிய அயனி உண்டா என்று தேட வேண்டும். குப்பைக் கிடங்கை ஒட்டிய நீரில் அம்மோனியத்தையும் கணக்கில் சேர்ப்பது அவசியம்.

குளோரைடு மிகுந்திருப்பதை மட்டும் வைத்துக் கடல்நீர் புகுந்ததாக முடிவு கட்டிவிடக் கூடாது. கழிவுநீரும் குளோரைடைக் கொண்டுவரும். அம்மோனியாவும் பாஸ்பேட்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் முதலில் கழிவுநீரையே சந்தேகிக்க வேண்டும்.