பழைய காருக்கு ரூஃப் பீடிங், டோர் ரப்பர் நாமளே மாத்துறது

மழை பெஞ்ச மறுநாள் கார் கதவைத் திறந்தா ஊறின சாக்கு மாதிரி வாடை அடிக்குதா? உடனே ரப்பர் வாங்க கடைக்கு ஓடாதீங்க, தண்ணி எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க. ஏசி போட்டு ஓட்டின அன்னிக்கு மட்டும் முன் சீட்டு கால் பக்கம் ஈரமாச்சுன்னா அது ஏசி டிரெயின் பைப் அடைப்பு, பீடிங்குக்கும் (ரூஃப் ஓரத்துல நீளமா ஓடுற கறுப்பு ரப்பர் பட்டை) அதுக்கும் சம்பந்தமே இல்ல. மழையில நின்னா மட்டும்தான் ஒழுகுதுன்னா, வீட்டுல யாரையாவது டார்ச்சோட உள்ள உக்கார வெச்சுட்டு நீங்க வெளிய ஹோஸ்ல மெதுவா தண்ணி விடுங்க. கீழேருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல போகணும், எடுத்த எடுப்புலயே மேல ஊத்துனா எல்லாப் பக்கமும் வழிஞ்சு எந்த ஓட்டைன்னே தெரியாது.

கதவு ரப்பருக்கு இன்னொரு டெஸ்ட் இருக்கு. ரப்பர் பூரா சாக்பீஸ் தேய்ச்சுட்டு கதவை ஒரு தடவை சாத்தித் திறங்க, எதிர்ப்பக்கம் எங்க வெள்ளை ஒட்டலையோ அங்க ரப்பர் படியலன்னு அர்த்தம்.

இப்ப ரூஃப் பீடிங். மேல்தகரமும் பக்கத்துத் தகரமும் ஸ்பாட் வெல்டு வெச்சு சேர்ற இடத்துல ஒரு பள்ளம் ஓடும், அம்பாசடர்ல அது வெளியவே தெரியுற தகர வாய்க்கால், பின்னாடி வந்த நிறைய வண்டியில அதுமேல கறுப்பு பீடிங் போட்டு மூடிட்டாங்க. இந்த பீடிங் தண்ணிய நிறுத்தாதுங்க, அது வெறும் மூடிதான். நிறுத்துறது அதுக்கு அடியில ஜாயிண்ட் மேல தடவியிருக்கிற சீலண்ட், அதாவது சந்தை அடைக்கிற பசை. வெயில்ல காஞ்சு அது வெடிச்சுடுச்சுன்னா தண்ணி உள்ள இறங்கி பில்லர் (ரூஃபைத் தாங்குற தூண்) வழியா கார்ப்பெட்டுக்குப் போயிடும். நம்ம டெல்டா பக்கம் இன்னொரு தொல்லை, அறுப்பு சமயத்துல ரோட்டுலயே நெல்லையும் உளுந்தையும் காயப்போடுவாங்க, அந்தத் தூசியும் பதரும் பீடிங் சந்துல போய் அடைஞ்சு ஈரத்தை நாள்கணக்குல பிடிச்சு வெச்சுக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக்காத்து வேற, துரு பத்தக் கேக்கணுமா. அதனால பட்டறையில பழைய பீடிங்க கழட்டிட்டு அப்படியே புதுச அமுக்கி அனுப்புனா, அது காசுக்குப் பிடிச்ச கேடு.

கழட்டுறதுக்கு முன்னாடி வண்டிய கொஞ்ச நேரம் வெயில்ல போடுங்க, ரப்பர் இளகும். பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் பெயிண்ட் மேல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையில துணி சுத்தி ஒரு ஓரத்துலேருந்து மெதுவா நெம்புங்க. சில வண்டியில கிளிப், சில வண்டியில டபுள் சைடு டேப், சிலதுல சும்மா அமுக்கி விட்டிருப்பாங்க, அதனால வெடுக்குன்னு இழுக்காதீங்க. உடைஞ்ச கிளிப்பைக்கூட தூக்கிப் போடாம வெச்சுக்கங்க, கடையில சாம்பிள் காட்ட அதுதான் வேணும்.

உள்ள இருக்கிற மண்ண பழைய டூத் பிரஷ்ஷும் ஷாம்பு தண்ணியும் வெச்சு கழுவி நல்லா காய விடுங்க. வெடிச்ச சீலண்ட்டை சுரண்டிடுங்க, துரு இருந்தா 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 320, தகரம் வெள்ளையா தெரியணும். மிச்ச துருவ மாத்தி நிறுத்துற துரு கன்வெர்ட்டர், பிரைமர், டச்சப் பெயிண்ட், அதுமேல பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட், இந்த வரிசைதான். விரல்ல சோப்புத்தண்ணி தொட்டு நீவி விட்டா ஒழுங்கா படியும், ஒரு நாள் முழுக்க காயட்டும். பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம், வினிகர் வாடை வர்ற வகை வெறும் தகரத்துல பட்டா துருவக் கிளப்பி விட்டுடும், அதுமேல பெயிண்டும் நிக்காது. தகரத்துல ஓட்டையே விழுந்திருந்தா இது நம்ம வேலை இல்ல, டிங்கர்கிட்ட காட்டுங்க.

புது பீடிங்க இழுத்துப் போடாதீங்க. இழுத்த ரப்பர் நாளாக நாளாக சுருங்கி ஓரத்துல இடைவெளி விட்டுடும், தளர்வா வெச்சு அமுக்கிக்கிட்டே போய் கடைசியில வெட்டுங்க.

டோர் ரப்பர் வாங்கப் போகும்போது பழசுல ஒரு சாண் வெட்டி எடுத்துட்டுப் போங்க, மாடல் பேரு மட்டும் சொல்லி வாங்குனா பாதி நேரம் மாறிடும். தகர விளிம்பைக் கவ்வுற வாய் அகலமும் ஒரே மாதிரி இருக்கணும், மேல இருக்கிற குழாய் தடிமனும் ஒரே மாதிரி இருக்கணும். தடிமன் கூடுனா கதவு சாத்தாது, குறைஞ்சா ஒழுகும். இந்த மாடலுக்குன்னே வர்ற ஒரிஜினல் கிடைச்சா கண்ண மூடிட்டு அதையே வாங்குங்க, நின்னுபோன மாடல்னா மீட்டர் கணக்குல வர்ற ஈபிடிஎம் (வெயில், மழை தாங்குற செயற்கை ரப்பர் வகை) ரப்பர் போதும். சென்னை புதுப்பேட்டையில செகண்ட் ஹேண்ட் பார்ட்ஸ் எவ்வளவோ கிடைக்கும்தான், ஆனா ரப்பர மட்டும் பழசு வாங்காதீங்க.

பழைய ரப்பர உருவிட்டு, அது கவ்வியிருந்த தகர விளிம்புல துருவ தேய்ச்சு பெயிண்ட் வெச்சு, வளைஞ்ச இடத்தை பிளையர்ல நிமித்துங்க. பழைய கம்ம மண்ணெண்ணெய் தொட்ட துணியால துடைச்சு எடுத்துட்டு சோப்புத்தண்ணியில கழுவிடுங்க, தின்னர் போட்டா பெயிண்டும் சேர்ந்து வந்துடும். ரப்பர் ஜாயிண்ட் கீழ்ப்பக்கம், ஏறும்போது கால் வைக்கிற படி நடுவுல வரணும், மேல வந்தா அங்கேயே ஒழுகும். அங்கேருந்து ஆரம்பிச்சு சுத்தி வாங்க, மூலையில இழுக்காம கொஞ்சம் தாராளமாவே விட்டு ரப்பர் சுத்தியால தட்டுங்க. முழுசா சுத்தி வந்தப்புறம் ஒரு செ.மீ. கூடுதலா வெட்டி, ரெண்டு முனையையும் முட்ட வெச்சு ரப்பர் கம் போட்டு ஒட்டுங்க.

புதுசுல கதவு கொஞ்சம் டைட்டாதான் இருக்கும், ரப்பர் படிய ரெண்டு வாரம்கூட ஆகும், அதுக்குள்ள ஸ்ட்ரைக்கரை (கதவு லாக் வந்து மாட்டுற கொக்கி) திருப்பி வைக்காதீங்க. அப்புறமும் டைட்டா இருந்தா, ஸ்ட்ரைக்கரை சுத்தி பென்சில்ல கோடு போட்டுட்டு ஸ்க்ரூவ லூஸ் பண்ணி துளி வெளிய தள்ளுங்க. கிரீஸ், எண்ணெய் எதையும் ரப்பர்ல தடவ வேண்டாம், ஊதிப்போயிடும், சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.

இதெல்லாம் புரட்டாசிக்குள்ள முடிங்க, ஐப்பசி அடைமழையில சீலண்ட் காய ஒரு நாள் வெயில் கிடைக்காது. கதவோட அடி விளிம்புல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், கண்ணாடி வழியா உள்ள இறங்குற தண்ணி வெளிய போறதே அது வழியாதான், சேறு அடைச்சிருந்தா ஈர்க்குச்சியால குத்தி விடுங்க. கார்ப்பெட்டுக்கு அடியில இருக்கிற பஞ்சையும் தூக்கி வெயில்ல காயப்போட்டுட்டு, திரும்ப ஒருக்கா ஹோஸ்ல தண்ணி அடிச்சுப் பாத்துட்டு அப்புறமா உள்ள விரிங்க.