பேட்டர்ன் கட்டையில் ஒரு போலீஸ் ஸ்போர்ட்ஸ் கார்

நம்ம பக்கம் பழைய ஆட்களுக்குப் போலீஸ் வண்டி என்றாலே ஜீப்பும் அம்பாசிடரும்தான். 1960-களில் சில ஊர்ப் போலீஸுக்கு வாய்த்ததே வேறு. ரோமில் ஸ்பாட்டஃபோரா என்ற போலீஸ்காரர் கறுப்பு ஃபெராரி 250 ஜிடிஇ-யில் துரத்தினார், நெதர்லாந்துப் போலீஸ் மேல்மூடி திறந்த போர்ஷேவில் நெடுஞ்சாலையைச் சுற்றியது. இப்படி ஒன்றை மரத்தில் 1:18 அளவில் செய்து அலமாரியில் வைக்க ஆசை இருந்தால், லண்டன் போலீஸ் வைத்திருந்த டெய்ம்லர் எஸ்பி250-ஐ எடுங்கள். முதலில் அதற்கு டார்ட் என்றுதான் பெயர், டாட்ஜ் கம்பெனி அது எங்கள் பெயர் என்று மல்லுக்கு நின்றதால் மாற்றிவிட்டார்கள். பைக்காரர்கள் கூடும் ஏஸ் கஃபே மாதிரிக் கடைகளின் வாசலிலிருந்து கிளம்பி, மணிக்கு 100 மைலைத் தொட்டே தீருவேன் என்று பறந்த பைக் பையன்களைப் பிடிக்க வாங்கிய வண்டி. 2.5 லிட்டர் வி8 எஞ்சின், ஃபைபர் பாடி, முகம் மட்டும் கெளுத்தி மீன் வாயைத் திறந்தது போல இருக்கும். எனக்கு அந்த முகத்துக்காகவே பிடிக்கும்.

கட்டைக்கு மரக்கடைக்கு அலைய வேண்டாம். கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகளுக்குப் பேட்டர்ன், அதாவது அச்சு எடுப்பதற்கான மர மாதிரி, செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன, அங்கே நன்றாகக் காய்ந்த துண்டுக் கட்டை கிடைக்கும். ரேகை நேராக ஓடும் துண்டாகப் பார்த்து, ரேகை காரின் நீளவாக்கில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள், குறுக்காக வைத்தால் பின்பக்கத்தில் மீன் துடுப்பு போல நிற்கும் இரண்டு விளிம்பும் உளி பட்டதும் உடைந்துவிடும். நிஜக் காரின் நீளம் சுமார் 4,077 மில்லிமீட்டர், அகலம் 1,537, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,337. பதினெட்டால் வகுத்தால் 226, 85, 130 வரும்.

இங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கையில் ஸ்கேல் இல்லை என்று பட்டறையிலேயே ஒன்றை வாங்கிக் கோடு போட்டுவிட்டேன். அது ஷ்ரிங்கேஜ் ஸ்கேல். உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதற்காக, நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குக் கூட்டியே கோடு போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து அளந்தால் கார் இரண்டு மில்லிமீட்டர் நீளம். உங்கள் ஸ்கேலையே கொண்டு போங்கள்.

கட்டையில் பக்கத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் வரைந்துகொண்டு, முதலில் பக்கத்தை அறுங்கள். அறுத்து விழுந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் டேப் போட்டுத் திரும்ப ஒட்டி, அப்புறம் மேல்பக்கத்தை அறுத்தால்தான் கட்டை ஆடாமல் நிற்கும். மிச்சம் உளியும் உப்புத்தாளும் பொறுமையும். உட்காரும் இடத்தைக் குடையும்போது இரண்டு பெடல் மட்டும் வையுங்கள், போலீஸ் வாங்கியது ஆட்டோமேட்டிக் கியர், கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங் நம்மைப் போலவே வலது பக்கம்.

இதைப் போலீஸ் வண்டி என்று காட்டிக்கொடுப்பது முன்னால் தொங்கும் மணிதான். சைரன் பரவாத காலம், ரோட்டில் வழி விடச் சொல்ல மணி அடித்துக்கொண்டே போவார்கள். மணியின் அளவைத் தேடி அலையாதீர்கள். நேர் முன்னாலிருந்து எடுத்த ஃபோட்டோவில் ஹெட்லைட்டை அளந்துகொள்ளுங்கள், அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் அது வழக்கமாக 7 அங்குலம், அதாவது நம் அளவில் சுமார் 10 மில்லிமீட்டர், அதோடு ஒப்பிட்டால் மணியின் அளவு தானாக வந்துவிடும். கோவை கணபதி பகுதியில் தெரிந்த லேத் அண்ணாவிடம் பித்தளை ராடைக் கொடுத்து அளவைச் சொன்னேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, இத்துனூண்டு மணி எந்தச் சாமிக்குங்க?”

“போலீஸ் சாமிக்குங்கண்ணா.”

காசு வாங்க மாட்டேன் என்றவர், செய்து முடித்ததும் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

பெயின்ட் கறுப்பு. கறுப்பு ஒரு கீறலையும் மறைக்காது, அதனால் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பரில் தேய்த்து, மெல்லிசாக நாலைந்து கோட்டிங் கொடுங்கள். ஆடி மாதம் மட்டும் மொட்டை மாடியில் அடிக்காதீர்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊர்ப் புழுதியை எல்லாம் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் அப்பிவிட்டுப் போகும். வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வீட்டுப் பிரின்டர் உதவாது, அதில் வெள்ளை மை கிடையாது. நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கேளுங்கள், ரொம்பப் பொடியாகக் கேட்டால் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மணியை எல்லாம் காய்ந்த பிறகு கடைசியாக ஒட்டுங்கள். நான் முதலிலேயே ஒட்டி, துடைக்கும்போதெல்லாம் துணி மாட்டி, மூன்று தடவை பிடுங்கிக்கொண்டு வந்தது.