>>= இதை வாயால் எப்படிச் சொல்வது? ஹாஸ்கெல் குறிகளைத் தமிழில் வாசிக்கும் வழி

மன்னார்குடியில் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய் நெட்டும் போய்விட்டது. திருவாரூரில் இருக்கும் ஒரு தம்பிக்கு அப்போது ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், திரையைக் காட்ட வழியில்லை, சரி போனிலேயே சொல்கிறேன் அடித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். "கிரேட்டர் தேன், கிரேட்டர் தேன், ஈக்வல்" என்றேன். அதில் ஒன்று அவன் காதில் விழவில்லை. >= என்று அடித்துவிட்டான். அது பெரிதா சமமா என்று பார்க்கிற வேறு குறி, கம்பைலர் திரை நிறையப் பிழை காட்டியது. "நீங்க சொன்னதத்தானேண்ணே அடிச்சேன்" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. "பைண்ட்" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு குறிக்கும் இரண்டு வாசிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெயர், இன்னொருவர் கேட்டு அடிப்பதற்கு. இன்னொன்று பொருள், நீங்கள் படித்துப் புரிந்துகொள்வதற்கு. மிருதங்கம் கற்கிற பிள்ளைகள் கையால் வாசிப்பதை முதலில் தா தி தொம் நம் என்று வாயால் சொல்லிப் பழகுகிறார்கள் இல்லையா, குறிக்கும் அப்படி ஒரு சொல் வேண்டும். பெயரை ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பொருளைத் தமிழில் வாசியுங்கள். ஏன் என்று, ஃபங்ஷன்களை ஒன்றோடொன்று கோக்கும் குறியான புள்ளியை வைத்தே காட்டுகிறேன். (ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.)

அரை . காயவை . அவி . ஊறவை $ நெல்

இடமிருந்து வலமாக "அரை டாட் காயவை டாட் அவி" என்று போனால் தலைகீழாக இருக்கும், ஏனென்றால் முதலில் ஓடுவது வலது ஓரத்தில் இருக்கும் ஊறவை. வலது ஓரத்திலிருந்து தமிழில் படியுங்கள்: நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரை. புழுங்கல் அரிசிக்கு ரைஸ் மில்லில் நடக்கிற வேலை அதே வரிசையில் வந்துவிட்டது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு "செய்து", கடைசியில் வருவதுதான் முழு வினை. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் தடுமாறும் இடத்தில் நமக்கு இது தானாகவே வாயில் வருகிறது.

அந்த $ குறிக்குப் பெயர் டாலர். அதைப் பார்த்ததும் மூச்சு விடுங்கள். அதற்கு வலப்பக்கம் இருப்பது மொத்தமும் ஒரு பொட்டலம், அடைப்புக்குறி போட்ட மாதிரி. புள்ளிக்கு முன்னுரிமை 9, டாலருக்கு 0, பெரிய எண் உள்ளதுதான் இறுக்கிப் பிடிக்கும், அதனால் புள்ளியில் நிற்காமல் போய் டாலரில் நிற்பதுதான் சரியான நிறுத்தம்.

அடுத்து டைப் வரிகள், ஒரு ஃபங்ஷன் எந்த வகைச் சரக்கை வாங்கி எதைத் தரும் என்று சொல்பவை. :: என்பதை "என்பது" என்றே படிக்கலாம். -> வந்தால் "கொடுத்தால்".

கூட்டு :: எண் -> எண் -> எண்

கூட்டு என்பது, ஒரு எண்ணைக் கொடுத்தால், இன்னொரு எண்ணைக் கொடுத்தால், எண். ஒன்றை மட்டும் கொடுத்து நிறுத்தினால் "இன்னொன்றைக் கொடுத்தால் எண்" என்ற மீதி கையில் நிற்கும். அதற்குத்தான் கறியிங் என்று பெயர், ஹாஸ்கெல் கறி என்ற கணித அறிஞரின் பெயரால். மொழிக்கும் அவர் பெயர்தான். பெயர் வைக்காத ஃபங்ஷனான லாம்டாவிலும் இதே சொல் போதும்: \க -> க + 1 என்றால் க-வைக் கொடுத்தால் க கூட்டல் 1. அந்தச் சாய்கோடு λ எழுத்தின் சாயலுக்காக வந்தது. டைப் வரியில் => வந்தால் அதற்கு முன்னால் இருப்பது நிபந்தனை, "ஆக இருந்தால்": வரிசைப்படுத்தக்கூடியதாக இருந்தால், அப்புறம் மீதி.

இப்போது பைண்ட், அதாவது >>=. இதற்கு மட்டும் ஒரே தமிழ்ச் சொல் கிடையாது, எந்த வகையில் வருகிறது என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும். மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிற மேபி வகையில் இது கடைமடைக்குத் தண்ணீர் போகிற கதை.

ஆறு >>= வாய்க்கால் >>= வயல்

ஆற்றில் வந்தால் அதை வாய்க்காலுக்குக் கொடு, வாய்க்காலில் வந்தால் அதை வயலுக்குக் கொடு. கல்லணையில் எவ்வளவு திறந்தாலும் நடுவில் ஒரு மதகு மூடியிருந்தால் அதற்குக் கீழே உள்ள வயலுக்கு ஒன்றும் வராது. நடுவில் நத்திங், அதாவது ஒன்றுமில்லை என்று வந்தால் அடுத்த ஃபங்ஷன் ஓடவே ஓடாது, விடையும் நத்திங். ஆகவே மேபியில் "வந்தால், அதை". லிஸ்டில் "ஒவ்வொன்றையும் எடுத்து". உள்ளீடு வெளியீட்டு வேலைகளுக்கான ஐஓவில் "செய்து, வந்ததை எடுத்து". வேலைகளை வரிவரியாக எழுதும் டூ தொகுப்புக்குள் வரும் <- இதன் தம்பிதான், "இதிலிருந்து எடுத்தது" என்று வாசித்தால் போதும். புள்ளியை வலமிருந்து படித்த பழக்கத்தில் பைண்டையும் வலமிருந்து படித்துவிடாதீர்கள், இது இடமிருந்துதான் ஓடுகிறது.

<$> குறிக்குப் பெயர் எஃப்மேப், பொருள் "உள்ளே இருப்பதை". இரட்டிப்பாக்கு <$> பெட்டி என்றால் பெட்டிக்குள் இருப்பதை இரட்டிப்பாக்கு, பெட்டி பெட்டியாகவே இருக்கும். <*> வந்தால் "ஆப்" என்று சொல்லுங்கள், ஃபங்ஷனும் பெட்டிக்குள், சரக்கும் பெட்டிக்குள். >=> மீன் மாதிரி இருப்பதால் உலகம் முழுக்க அதற்கு மீன் என்றே பெயர், நாமும் மீன் என்றே சொல்லலாம். ஒற்றைப் புள்ளிஜோடி : "கன்ஸ்", லிஸ்டின் தலையில் ஒன்றைச் சேர்க்கும் குறி, லிஸ்ப் என்ற பழைய மொழியின் காலத்துப் பெயர். பேட்டர்னில், அதாவது லிஸ்டைப் பிரித்துப் பார்க்கும் இடத்தில் வந்தால் "முதல் ஆளும் மீதிப் பேரும்" என்று படிக்கிறேன், ரேஷன் கடை வரிசை மாதிரி. இரண்டு லிஸ்டை ஒட்டும் ++ வந்தால் "பிளஸ் பிளஸ்", அதில் சிக்கல் இல்லை.

புதுக் குறி ஏதாவது எதிரே வந்தால் ஹாஸ்கெலுக்கான தேடுதளமான ஹூகுளில் அந்தக் குறியையே அப்படியே போட்டுத் தேடலாம், டைப்போடு காட்டும். டைப்பை "கொடுத்தால்" போட்டு ஒரு தரம் சத்தமாகப் படித்துவிட்டு, அப்புறம் பெயர் வையுங்கள்.