அடி வாங்கிய சைக்கிளோட்டி செய்யக்கூடாதவை

மலேசியாவின் பினாங்கில் ஞாயிறு காலையில் தீவைச் சுற்றக் கிளம்பும் சைக்கிள் கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது. நல்லதுதான். கூடவே, உரசி, மறித்து, இறங்கி வந்து கை நீட்டுகிற ஓட்டுநர்களிடம் மாட்டும் புதியவர்களும் பெருகுகிறார்கள். அடி வாங்கிய பிறகு அவர்கள் செய்வதைப் பார்த்தால், ஒரு காலத்தில் நான் ஆடிய கூத்தை வேறு நடிகர்கள் ஆடுவது போல இருக்கிறது. நம்பர் பிளேட்டைப் பார், 999-க்குக் கூப்பிடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தாக்குதலை விபத்தாக எழுதவிடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன், பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டோன் மலைச்சாலையில் ஏறி பாலிக் பூலாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தான். பின்னால் வந்த பிக்கப் ஹாரனை விடாமல் அடித்து, கையை உரசுகிற மாதிரி முந்தி, முன்னால் போய் பிரேக் போட்டது. ஓட்டியவர் ஸ்டெரிங் லாக்கோடு, அதாவது ஸ்டெரிங்கைப் பூட்டிவைக்கும் இரும்புத் தடியோடு, இறங்கினார். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. கீழே கிடந்த சைக்கிளின் சக்கரத்துக்கு ஓர் உதை. ஏறிப் போய்விட்டார்.

தம்பி அன்றே பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போனான். அது சரி. கவுண்டரில் என்ன சொன்னான்? பிக்கப்போடு கொஞ்சம் பிரச்சினை, சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்றான். பதற்றம், அரைகுறை மலாய், எல்லாவற்றுக்கும் மேலே கூச்சம். நடுரோட்டில் அடி வாங்கினேன் என்று சொல்ல நம் பையன்களுக்கு வாய் வருவதே இல்லை. எதிரே இருந்தவர் கேட்டதைத்தான் டைப் செய்தார்: சைக்கிளும் பிக்கப்பும் சம்பந்தப்பட்ட விபத்து. கடைசியில், இந்த ரிப்போர்ட் ருஜுக்கானுக்காக (பார்வைக்காக) மட்டும் என்று ஒரு வரி. தம்பி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். ஸ்டெரிங் லாக் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

"ரிப்போர்ட் போட்டாச்சு அண்ணே" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

விபத்து என்று பதிவானால் ஃபைல் டிராபிக் பிரிவுக்குப் போகும். அங்கே பார்ப்பது யார் எந்தப் பாதையில் வந்தார், யார் யாரை மோதினார் என்பதை. அடிதடியை விசாரிப்பது குற்றப் புலனாய்வுப் பிரிவு. ருஜுக்கானுக்கு மட்டும் என்று நாமே எழுதிக் கொடுத்தால், விசாரிக்க வேண்டாம், பதிந்து வைத்தால் போதும் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆயுதத்தைச் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய நஷ்டம். வெறுங்கையால் காயப்படுத்தினால் பீனல் கோட் 323-வது பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். வாரன்ட் இல்லாமல் கைது செய்யவும் முடியாது. ஆபத்தான ஆயுதத்தால் அடித்திருந்தால் 324: பத்தாண்டு வரை சிறை, பிரம்படிக்கும் இடமுண்டு, வாரன்ட் இல்லாமலே பிடிக்கலாம்.

மறுநாள் நானும் கூடப் போய், நடந்ததை விவரித்துக் கூடுதல் ரிப்போர்ட் போட்டோம். அதற்குத் தடையில்லை. ஆனால் அதற்குள் பிக்கப்காரர் முந்திக்கொண்டு, சைக்கிள்காரன் தன் சைடு மிரரை உடைத்ததாக ஒன்று போட்டிருந்தார். வழக்கு கோர்ட்டுக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது முதல் ரிப்போர்ட்டைத்தான். அடித்திருந்தால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்.

எனவே கவுண்டருக்குப் போகும் முன் ஒரு ஓரமாக உட்கார்ந்து, நடந்ததை வரிசையாகப் போனில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம். எதால் அடித்தார், உடம்பில் எங்கே, எத்தனை முறை, வண்டியை எப்படி மறித்தார், மிரட்டியிருந்தால் அதே வார்த்தைகள். மலாய் நன்றாகப் பேசுகிற ஒருவரை அழைத்துப் போங்கள். டைப் செய்ததை முழுக்கப் படித்து, போலீஸ் விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு பேனாவைத் தொடுங்கள்.

இடத்தையும் திட்டமாகச் சொல்லுங்கள். ரிப்போர்ட் எந்த பாலாயிலும் போடலாம், ஆனால் விசாரணை சம்பவம் நடந்த மாவட்டத்துக்குப் போகும். துன் சார்டோன் சாலையோ பாயா தெருபோங் பக்கம் தீமோர் லாவுட் (வடகிழக்கு) மாவட்டத்தில் தொடங்கி, பாலிக் பூலாவ் பக்கம் பாராட் டாயா (தென்மேற்கு) மாவட்டத்தில் முடிகிறது. மலை மேலே, ஒரு வளைவில் என்றால் ஃபைல் இரண்டுக்கும் நடுவில் அலையும். பக்கத்தில் இருக்கும் தெனாகா கம்பத்தின் (மின்கம்பத்தின்) எண்ணைப் படமெடுத்தால் வேலை முடிந்தது.

டாக்டரிடமும் "விழுந்துட்டேன்" என்பது

அதே வியாதி, வேறு கவுண்டர். என்ன நடந்தது என்று கேட்டு, நீங்கள் சொல்வதைத்தான் டாக்டர் குறிப்பில் எழுதுவார். பிறகு போலீஸ் கேட்கும் மருத்துவ அறிக்கை அந்தக் குறிப்பிலிருந்துதான் வரும். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், அடித்தார்கள் என்று சொல்லுங்கள். உடம்பு சூட்டில் முதல் நாள் வலி தெரியாது. தோள் நீலம் பாரிப்பது மறுநாள்தான். அப்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து மறுபடியும் படமெடுங்கள்.

சைடு மிரரைத் தட்டுவது

தட்டாதீர்கள். பொருளைச் சேதப்படுத்தினால் 427-வது பிரிவு, அது உங்கள் மேலும் பாயும்.

சைக்கிளை உடனே கடையில் விடுவது

திங்கட்கிழமையே சக்கரத்தை மாற்றி, பழையதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சக்கரம்தான் ஆதாரம். விசாரணை அதிகாரி பார்த்துப் படமெடுக்கும்வரை சைக்கிளைத் தொடாதீர்கள், கிழிந்த ஜெர்சியைத் துவைக்காதீர்கள். கார்பன் ஃபிரேம் என்றால் வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே வெடித்திருக்கலாம். கடையில் சோதித்து, பாகம் பாகமாக விலை போட்ட கொட்டேஷன் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்.

வீடியோவை வெட்டுவது, பரப்புவது

கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி அப்படியே வைத்துவிடுங்கள். சைக்கிளில் மாட்டியிருக்கும் கார்மின் ஜிபிஎஸ் கருவியின் பதிவையும் வெட்டித் திருத்தாதீர்கள். எந்த நிமிடத்தில் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று அது சொல்லும். வழியில் பெட்ரோல் நிலையமோ மாமாக் கடையோ இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள், சிசிடிவி பதிவுகள் தாமாக அழிந்துகொண்டே இருக்கும். டிக்டாக்கில் போட்டு ஆளைத் தேடுகிற வேலை வேண்டாம். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய அடையாள விவரங்களைப் பரப்புவது 2025-இல் பீனல் கோடில் சேர்ந்த பிரிவுகளின்படி குற்றம்.

ரோட்டிலேயே செட்டல்

அடித்தவர் அங்கேயே 200 வெள்ளியை நீட்டி முடித்துக்கொள்ளலாம் என்றால் வாங்காதீர்கள். மறுநாள் கையைத் தூக்க முடியாதபோது அந்த 200 வெள்ளி எதற்கும் காணாது.

ரிப்போர்ட் போட்டதோடு மறப்பது

விசாரணை அதிகாரியின் பெயரையும் போன் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். நான்கு வாரம் கடந்தும் தகவல் இல்லையென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவைச் சொல்லி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் இது வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களுக்குத்தான். 324-க்கு உண்டு, 323-க்கு இல்லை. ஸ்டெரிங் லாக்கை ஏன் சொல்லச் சொன்னேன் என்று இப்போது புரியும்.

போலீஸ் மேல்நடவடிக்கை இல்லை என்று மூடிவிட்டாலும் சிவில் வழக்கு தனி. தீபகற்பத்தில் அதற்கு ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நஷ்டம் 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிறு உரிமைக்கோரல் பிரிவில் வக்கீல் இல்லாமல் நீங்களே போடலாம். கடையில் வாங்கிய கொட்டேஷனையும் கூடவே எடுத்துப் போங்கள்.